கால்சியம்: உணவா, கார்பனேட்டா, சிட்ரேட்டா?

ஐம்பது வயதைக் கடந்த பெண் ஒருவருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும் கிடைக்கும் முதல் அறிவுரை, பெரும்பாலும், கால்சியம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் மருந்துக் கடையில் அந்த ஒரு சொல்லுக்குப் பல அட்டைகளை எடுத்துக் காட்டுவார்கள்: சிப்பி ஓட்டிலிருந்து எடுத்த கார்பனேட், சிட்ரேட், சிட்ரேட் மாலேட், மெக்னீசியமும் துத்தநாகமும் சேர்த்தது, பவழத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படுவது, மென்று தின்னும் மாத்திரை, பாட்டில் மருந்து. வீட்டிலோ, மாத்திரை எதற்கு, கேழ்வரகும் முருங்கைக்கீரையும் போதாதா என்று கேட்க ஒருவர் இருப்பார். இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று தீர்மானிக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கால்சிய உப்பு (கார்பனேட், சிட்ரேட் போன்ற சேர்மம்) சிறந்தது என்ற கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது; உணவில் எவ்வளவு குறைகிறது என்பதே முதல் கேள்வி. அந்தக் குறைவை அளக்காமல் தொடங்கும் கால்சியம் சிலருக்குப் போதாமலும் பலருக்கு மிகையாகவும் போய்விடுகிறது.

கால்சியம் கார மண் உலோகங்களின் வரிசையில் மூன்றாவது. பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் ஆகிய ஆறும் தனிம வரிசை அட்டவணையின் இரண்டாம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இவற்றில் மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகிய நான்கையும் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1808-இல் மின்னாற்பகுப்பின் மூலம் பிரித்துக் காட்டினார். உடலுக்கு இன்றியமையாதவை இவற்றுள் இரண்டே: கால்சியமும் மெக்னீசியமும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. எஞ்சிய ஒரு விழுக்காடுதான் தசை சுருங்குவதற்கும், நரம்புச் செய்தி கடப்பதற்கும், இரத்தம் உறைவதற்கும், இதயம் சீராகத் துடிப்பதற்கும் பொறுப்பு. அந்தச் சிறு பகுதியின் அளவு சற்று மாறினாலும் உயிருக்கு ஆபத்து என்பதால், இரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி உடல் மிகக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்கிறது. அளவு குறையத் தொடங்கினால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு முக்கியமான செய்தியைப் பலர் தவறவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்றால் உணவில் போதிய கால்சியம் இருக்கிறது என்று பொருளாகாது. எலும்பு அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே, மாத்திரை வேண்டுமா என்பதை இரத்த அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

தேவை எவ்வளவு என்பதிலேயே நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. அதற்கு முன்பு, 2010-இல், அதே நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொன்ன அளவு 600 மி.கி. மட்டுமே. பிரிட்டனில் இன்றும் வளர்ந்தவருக்கு 700 மி.கி. போதும் என்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் கண்டு பரிந்துரைகளே பொய் என்று முடிவுகட்டத் தேவையில்லை. ஆனால் 1200 என்ற எண்ணை ஒரு மில்லிகிராமும் குறையாமல் எட்ட வேண்டிய இலக்காகக் கருதவும் தேவையில்லை. 700-க்குக் கீழே இருப்பவர் கட்டாயம் கவலைப்பட வேண்டும். 1000-ஐ ஒட்டி இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும்.

தட்டைக் கணக்கிடுதல்

கணக்கு கடினமானதன்று. பசும்பால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 120 மி.கி. கால்சியம் இருக்கிறது. ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் 200 மி.கி. அளவுக்குத் தரும். கேழ்வரகு 100 கிராமில் 350 மி.கி.யை ஒட்டி இருக்கிறது. அரிசியில் அதே எடைக்கு 10 மி.கி.யைச் சுற்றியே இருக்கிறது. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 மி.கி.க்கு மேல். எள்ளில் 100 கிராமுக்கு 1000 மி.கி.யைத் தாண்டும், ஆனால் அது தோல் நீக்காத எள்ளுக்கு மட்டுமே பொருந்தும். கால்சியத்தின் பெரும்பகுதி தோலில் இருப்பதால் தோல் நீக்கி வெளுத்த எள்ளில் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி போன்ற சிறு மீன்களும் நல்ல மூலம்.

இப்போது இரண்டு பெண்களின் ஒருநாள் உணவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலையில் 50 கிராம் மாவில் கேழ்வரகுக் கூழ், பகலில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்த பொரியல், ஒரு கிண்ணம் தயிர், இரவில் ஒரு தம்ளர் பால் என்று சாப்பிடுகிறார். கூழில் 175, கீரையில் 150, தயிரில் 200, பாலில் 240, மற்ற எல்லாவற்றிலிருந்தும் ஒரு 100 என்று கூட்டினால் 850 மி.கி.யைத் தாண்டுகிறது. 1200-ஐ வைத்துப் பார்த்தாலும் அவருக்குக் குறைவது 350 மி.கி. அளவே, அதையும் இன்னொரு கிண்ணம் தயிரும் ஓர் எள்ளுருண்டையும் கொண்டு பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். மற்றவர் காலையிலும் மாலையிலும் காப்பி, இட்லி, சாம்பார் சோறு, நீர்த்த மோர், இரவில் தோசை என்று சாப்பிடுகிறார். காப்பியில் சேரும் பால் இரு வேளைக்கும் சேர்த்து 150 மில்லி என்றால் 180 மி.கி.; மோரும் மற்றவையும் சேர்ந்து 150 முதல் 200. மொத்தம் 400-க்குள் நின்றுவிடுகிறது. இந்த இருவருக்கும் ஒரே மாத்திரையை ஒரே அளவில் தருவது எப்படிச் சரியாகும்?

உணவில் இருக்கும் கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடலில் உறிஞ்சப்படுகிறது. பாலக்கீரையில், கால்சியத்தைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஆக்சலேட் மிகுதி என்பதால் அதிலிருந்து கிடைப்பது 5 விழுக்காடு மட்டுமே. தண்டுக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். ஆகவே கீரை என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணக்கூடாது. கேழ்வரகில் அதேபோல் தடுக்கும் ஃபைட்டேட்டும் டானினும் இருப்பதால் பாலில் கிடைக்கும் விகிதம் அதில் கிடைக்காது. எனினும் முளைகட்டி அரைத்தாலோ, கூழ் காய்ச்சி இரவு முழுவதும் புளிக்க வைத்தாலோ ஃபைட்டேட் கணிசமாகச் சிதைகிறது. நம் கிராமத்துக் கூழ்ப்பானை இந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. எதிர்ப்பக்கத்தில் உப்பு இருக்கிறது: உணவில் 2.3 கிராம் சோடியம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு உப்பு, கூடும்போது சிறுநீரில் ஏறத்தாழ 40 மி.கி. கால்சியம் வெளியேறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்பதும் கால்சியத்தைச் சேமிக்கும் வழிதான்.

மாத்திரை எலும்பு முறிவைத் தடுக்கிறதா

இங்கேதான் ஆய்வுகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் மாத்திரைக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுவோர் ஆளுக்கொரு ஆய்வை எடுத்துக் காட்டுகிறார்கள். இரண்டுமே உண்மையான ஆய்வுகள்தாம்.

பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3270 பெண்களிடம் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 1200 மி.கி. கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் தரப்பட்டன. அவர்களின் சராசரி வயது 84. பதினெட்டு மாதங்களில், சிகிச்சையை முழுமையாகத் தொடர்ந்தவர்களிடையே இடுப்பு எலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் ஏழு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான பெண்கள் நல முன்முயற்சி ஆய்வில் 1000 மி.கி. கால்சியமும் 400 அலகு வைட்டமின் டி-யும் தரப்பட்டன. அங்கே இடுப்பு எலும்பு முறிவு 12 விழுக்காடு மட்டுமே குறைந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு உறுதியாக இல்லை. சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது.

ஒரே தனிமம், ஏறத்தாழ ஒரே அளவு. முடிவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டது? பிரெஞ்சுப் பெண்கள் மிக முதியவர்கள். வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்து, உணவிலும் கால்சியம் குறைந்து, பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்த நிலையில் இருந்தவர்கள். அமெரிக்கப் பெண்களோ ஆய்வில் சேரும்போதே உணவிலும் தாமாக வாங்கிய மாத்திரைகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு 1100 மி.கி.க்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். இல்லாத குறைவை நிரப்ப முயன்றதால் அங்கே பயன் சிறிதாயிற்று. மிகுந்தது சிறுநீரில் போயிற்று. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-இல், வீட்டில் நலமாக வாழும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு முறிவைத் தடுக்க 400 அலகு வரையிலான வைட்டமின் டி-யையும் 1000 மி.கி. வரையிலான கால்சியத்தையும் பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதற்கும் இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. அந்தப் பரிந்துரை எலும்புப்புரை நோய் உள்ளவர்களுக்கோ வைட்டமின் டி குறைபாடு உள்ளவர்களுக்கோ உரியதன்று. அதைப் படிக்காமலே மாத்திரையை நிறுத்துவோர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆய்வு உணவின் பக்கம் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7195 பேரை வைத்து நடத்தப்பட்டு 2021-இல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டி, கால்சியத்தை நாளொன்றுக்கு 700 மி.கி.யிலிருந்து 1142 மி.கி.க்கு உயர்த்தினார்கள், புரதமும் அதோடு உயர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் எல்லா வகை எலும்பு முறிவும் 33 விழுக்காடும், இடுப்பு எலும்பு முறிவு 46 விழுக்காடும், விழுதல் 11 விழுக்காடும் குறைந்தன. அவர்களின் வைட்டமின் டி ஏற்கெனவே போதிய அளவில் இருந்தது. என் பார்வையில், உணவா மாத்திரையா என்ற வாதத்தில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை: எலும்பு கால்சியத்தால் மட்டும் ஆனதன்று, அதன் சட்டகம் புரதத்தால் ஆனது, மாத்திரை தருவது ஒன்றை, உணவு தருவது இரண்டையும்.

ஆகவே முதல் தெரிவு உணவு. பால் பிடிக்காதவர், பால் சேராதவர், பசியின்றி அரைவயிறு உண்ணும் முதியவர், பொருளாதார நிலையால் பாலும் தயிரும் நாள்தோறும் வாங்க இயலாதவர், எலும்புப்புரை நோய்க்கான மருந்துகள் தொடங்கப்பட்டவர் ஆகியோருக்குக் குறைவு பெரிதாக இருக்கும். அவர்களுக்கு மாத்திரை தேவைப்படும். அலென்ட்ரோனேட், சோலிட்ரோனிக் அமிலம் போன்ற எலும்பு மருந்துகளுக்குக் கால்சியம் மாற்று ஆகாது. அவை வேலை செய்வதற்குத் தேவையான துணை அது.

கார்பனேட்டும் சிட்ரேட்டும்

மாத்திரை என்று முடிவான பின்பே உப்பின் வகை முக்கியமாகிறது. முதலில் பார்க்க வேண்டியது எடையை. கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 விழுக்காடு கால்சியம், சிட்ரேட்டில் 21, லாக்டேட்டில் 13, குளுக்கோனேட்டில் 9. அட்டையில் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று அச்சிட்டிருந்தால் அதில் உள்ள தனிமக் கால்சியம் 500 மி.கி. அதே 500 மி.கி.யைச் சிட்ரேட்டிலிருந்து பெற வேண்டுமானால் ஏறத்தாழ 2400 மி.கி. உப்பை விழுங்க வேண்டும், அதாவது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய மாத்திரைகள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் எண் உப்பின் எடையா, தனிமக் கால்சியத்தின் எடையா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் இரண்டு பொருள்களின் விலையை ஒப்பிடுவதில் பயனில்லை.

கார்பனேட் மலிவு, எளிதில் கிடைக்கும், மாத்திரை எண்ணிக்கையும் குறைவு. அதன் பலவீனம், கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும் என்பது. வயிற்றில் அமிலமே சுரக்காதவர்களிடம் 1985-இல் நடத்தப்பட்ட ஒரு ஆய்வில், வெறும் வயிற்றில் தந்த கார்பனேட்டிலிருந்து 4 விழுக்காடு அளவே உறிஞ்சப்பட்டது; சிட்ரேட்டிலிருந்து 45 விழுக்காடு. சிட்ரேட்டை ஆதரிப்போர் இந்த எண்களை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில், உணவோடு சேர்த்துத் தந்தபோது அமிலம் இல்லாதவர்களிடமும் கார்பனேட் இயல்பான அளவில் உறிஞ்சப்பட்டது. பின்னர் வந்த ஒப்பீடுகளில், உணவோடு எடுக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்றவையும் உண்டு, சிட்ரேட் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு மேலானது என்றவையும் உண்டு. இரண்டாவதை ஏற்றுக்கொண்டாலும், விலை வேறுபாட்டோடு வைத்துப் பார்த்தால், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்குக் கார்பனேட்டே போதுமானது என்றுதான் நான் சொல்வேன். அதைச் சாப்பாட்டின் நடுவிலோ முடிந்த உடனேயோ எடுக்க வேண்டும். படுக்கும் முன்பு வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரை போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கார்பனேட்டைப் பொறுத்தவரை அது ஏற்ற முறையன்று.

சிட்ரேட்டை நாட வேண்டியவர்கள் யார்? ஒமெபிரசோல், பாண்டபிரசோல் போன்ற அமிலத்தடுப்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுப்பவர்கள் முதலாவது. நம்மூரில் இவர்களின் எண்ணிக்கை பெரியது. வலி மாத்திரையோடு சேர்த்து எழுதப்பட்டது, நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் உண்டு. அவர்களுக்கு அந்த மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்பது சிட்ரேட்டுக்கு மாறுவதைவிடவும் முந்திய வேலை. உடல் எடை குறைப்புக்காக இரைப்பை மாற்றுப்பாதை அறுவை செய்துகொண்டவர்கள் இரண்டாவது. கார்பனேட்டால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் தாங்க முடியாமல் போனவர்கள் மூன்றாவது. வயிற்று அமிலத்தோடு சேரும்போது கார்பனேட்டிலிருந்து கரியமில வாயு வெளிவருவதால் இது நேர்கிறது. சாப்பிடும் நேரம் நிலையாக இல்லாதவர்களுக்கும் சிட்ரேட் வசதியானது, அதற்கு உணவு வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சிட்ரேட் மாலேட்டும் ஏறத்தாழ இதே வகையில் சேரும்.

சிட்ரேட் எல்லோருக்கும் தீங்கற்றது என்று நினைத்துவிடக்கூடாது. சிறுநீரகம் செயலிழந்து வருபவர்களுக்கு அலுமினியம் கலந்த அமில முறிப்பான்களோடு சிட்ரேட் சேர்ந்தால் அலுமினியம் உடலில் ஏறிவிடும். அவர்கள் எந்தக் கால்சிய உப்பையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது; அவர்களுக்குக் கால்சியம் கார்பனேட்டோ அசிடேட்டோ எழுதப்படுவது பெரும்பாலும் எலும்புக்காக அன்று, உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைப்பதற்காக.

எந்த உப்பானாலும் ஒரு வேளைக்கு 500 மி.கி. தனிமக் கால்சியத்துக்கு மேல் எடுப்பதில் பொருளில்லை. அளவு கூடக் கூட உறிஞ்சப்படும் விகிதம் குறைகிறது. முன்பு சொன்ன இரண்டாவது பெண்ணுக்கு 800 மி.கி. குறைகிறது என்றால், ஒரு மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு எடுத்து, மீதிக் குறைவைத் தயிராலும் கேழ்வரகாலும் நிரப்புவது, இரண்டு மாத்திரையை ஒரே நேரத்தில் விழுங்குவதைவிட மேலானது.

சிறுநீரகக் கல் உள்ளவர்களின் அச்சத்துக்குத் தனியாக விடை சொல்ல வேண்டும். கல் வந்தவரிடம் பாலையும் தயிரையும் நிறுத்து என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது. காரணம் எளிது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை; உணவோடு வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தடையின்றிச் சிறுநீருக்குப் போகிறது. இத்தாலியில் 120 ஆண்களிடம் ஐந்து ஆண்டுகள் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது: கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை இயல்பாக வைத்துக்கொண்டு உப்பையும் இறைச்சிப் புரதத்தையும் குறைத்தவர்களுக்கே கல் மீண்டும் வருவது குறைந்தது. மாத்திரை வழியே வரும் கால்சியத்துக்கு இந்த நற்சான்று இல்லை, சாப்பாட்டிலிருந்து விலக்கி எடுக்கும்போது அது கல்லைக் கூட்டவே செய்யலாம். கல் வந்த வரலாறு உள்ளவருக்கு மாத்திரை தவிர்க்க முடியாததானால், சிறுநீரில் சிட்ரேட்டைக் கூட்டிக் கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் உப்பைச் சாப்பாட்டோடு எடுப்பது ஓரளவு பாதுகாப்பான வழி.

இதயத்தைப் பற்றிய கவலை பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்விலிருந்து பரவியது; வைட்டமின் டி இல்லாமல் கால்சிய மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதாக அது கணக்கிட்டது. பின்வந்த ஆய்வுகள் இதை ஒரே குரலில் ஏற்கவும் இல்லை, முழுதாக மறுக்கவும் இல்லை. உணவிலுள்ள கால்சியத்தின் மீது இந்தக் குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை. குறைவுக்கு மட்டும் மாத்திரை என்ற நெறிக்கு இதுவும் வலுச் சேர்க்கிறது.

சித்த மருத்துவத்தில் வழங்கும் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவழ பற்பம் ஆகியவையும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டும், சுடப்பட்ட அளவைப் பொறுத்து ஆக்சைடுமே. அவை குறைந்த எடையில் வேறு நோக்கங்களுக்காகத் தரப்படுபவை. நாளொன்றுக்கு அரைக் கிராம் கால்சியம் குறையும் ஒருவருக்கு அவற்றை மாற்றாகக் கொள்ள முடியாது. எடுத்துக்கொண்டிருப்பவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பவழக் கால்சியம் என்று அதிக விலைக்கு விற்கப்படுவதும் கார்பனேட்டே. வெற்றிலையோடு சேரும் சுண்ணாம்பில் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதோடு சேரும் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டுவிட்ட நிலையில், அதை எலும்புக்கான வழியாகச் சொல்லுவது தவறு.

உடன்பிறப்புத் தனிமங்கள்

மெக்னீசியம் சேர்த்த கால்சியம் மாத்திரைகள் எல்லோருக்கும் தேவையில்லை. உடலில் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். கீரையிலும், பயறு வகைகளிலும், கொட்டைகளிலும், தவிடு நீக்காத தானியத்திலும் அது போதிய அளவு கிடைக்கிறது. உண்மையான குறைபாடு வரும்போது மட்டும் நிலைமை மாறுகிறது: மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே தடைப்பட்டு, எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் இரத்தத்தில் கால்சியம் ஏறாது. நெடுநாள் வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம், நீண்டகால அமிலத்தடுப்பு மாத்திரை ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. அப்போது தேவைப்படுவது பரிசோதனையும் முறையான சிகிச்சையும். அட்டையில் கூடுதலாக அச்சிட்ட சிறு அளவு மெக்னீசியம் அதைச் சரிசெய்யாது.

ஸ்ட்ரான்சியம் எலும்புக்கு நல்லது என்று இணையத்தில் விற்கப்படுகிறது. அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்ட்ரான்சியம் ரேனலேட் என்ற மருந்துக்கு ஐரோப்பா 2004-இல் அனுமதி தந்தது. இதய நோய் ஆபத்து தெரியவந்ததும் 2013, 2014 ஆண்டுகளில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. 2017-இல் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்திவிட்டது. ஸ்ட்ரான்சியம் எலும்பில் கால்சியத்தின் இடத்தில் போய் அமர்கிறது. அதன் அணு கால்சியத்தின் அணுவைவிடக் கனமானது என்பதால் ஸ்கேனில் எக்ஸ் கதிர்களை அதிகம் தடுக்கிறது. ஆகவே எலும்பு வலுப்பெற்றதைவிட அதிகமாக அறிக்கையில் எண் உயர்ந்து தெரியும். இந்தத் தொகுதியின் தனிமங்கள் கால்சியம் போல நடித்து எலும்புக்குள் நுழையும் குணத்தைப் புற்றுநோய் மருத்துவம் நல்ல வழியில் பயன்படுத்துகிறது: எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ரேடியம்-223, கதிர்வீச்சைச் சரியாக எலும்பிடம் கொண்டுசேர்க்கிறது.

கர்ப்பிணிகளின் தெரிவு

கர்ப்ப காலத்தில் கணக்கு வேறு. இங்கே கால்சியம் எலும்புக்காக மட்டுமன்றி, இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பில் முடியக்கூடிய முன்சூல்வலிப்பைத் தடுக்கவும் தரப்படுகிறது. இந்திய அரசின் 2014 வழிகாட்டுதலின்படி 14-ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, 500 மி.கி. கால்சியமும் 250 அலகு வைட்டமின் டி-யும் உள்ள மாத்திரையை நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கால்சியம் குறைந்த மக்களிடையே 1.5 முதல் 2 கிராம் வரை பரிந்துரைத்துவந்தது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வுகளில், முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் நாளுக்கு 500 மி.கி. என்பது 1500 மி.கி.க்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. குறைப்பிரசவத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் மட்டுமே அதே முடிவு கிடைத்தது. ஆகவே இரண்டு மாத்திரையையும் விழுங்க முடியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் நிலையில் இருக்கும் பெண்ணிடம், ஒன்றையாவது சாப்பாட்டோடு விடாமல் எடுக்கச் சொல்லுவதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது. அளவைத் தாமாக மாற்றாமல் செவிலியரிடமோ மருத்துவரிடமோ பேசி முடிவெடுக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக்கூடாது. ஒன்றை மற்றொன்று தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் வேண்டும். காலையில் தைராக்சின், மதியச் சாப்பாட்டோடு கால்சியம் என்று வைத்துக்கொள்வது எளிது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நோய்க்கிருமிக் கொல்லிகளை எடுக்கும் சில நாட்களுக்குக் கால்சியத்தை நிறுத்திவைத்தாலும் இழப்பில்லை. அலென்ட்ரோனேட் மாத்திரையை எடுக்கும் நாளன்று, அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்து, அரை மணி நேரமாவது கழிந்த பின்பே உணவு. கால்சியம் அதற்கும் பிந்திய வேளையில். இரத்த அழுத்தத்துக்காகத் தையசைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் குறைவாகவே வெளியேறும் என்பதால் அவர்கள் அளவை மீறக்கூடாது.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் எந்த உப்பும் சரியாக உள்ளே போகாது. ஆகவே மாத்திரை தொடங்கும் முன் ஒருமுறை அதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக எழுதித் தரப்படும் 60,000 அலகு மருந்து பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டுமே. அதைத் தினமும் எடுத்து ஆபத்தில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்துவரும் ஒருவருக்குத் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, முன்பில்லாத மலச்சிக்கல், மனக்குழப்பம் அல்லது அளவு மீறிய அசதி தோன்றினால், இரண்டையும் அன்றே நிறுத்திவிட்டு, எடுத்துவந்த எல்லா அட்டைகளையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, இரத்தத்தில் கால்சியத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.